பந்திங்கிலிருந்து பார்த்த துணைக்கோளங்கள்: ஓர் இராணுவப் பொறியாளரின் அனுபவம்

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் மலேசிய இராணுவத்தில் பொறியாளராக இருந்தேன். அவற்றுள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் துணைக்கோளங்களோடு தொடர்புடைய வேலையிலும், அவற்றைப் பற்றிக் கற்பிப்பதிலும் கழிந்தன. ஆனாலும் விண்ணுக்குப் போகவிருக்கும் துணைக்கோளம் ஒன்றை நான் ஒரு முறைகூடக் கையால் தொட்டதில்லை. வெளிநாட்டில் படித்த காலத்தில், தூசி புகாத அறை ஒன்றின் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று அரை மணி நேரம் பார்த்திருக்கிறேன். வெள்ளை அங்கியும் முகமூடியும் அணிந்த நான்கு பேர் அதைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் ஒரு திருகாணியை முடுக்கினார். இன்னொருவர் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் அதை ஏட்டில் எழுதினார். நான்காமவர் எழுதியது சரிதானா என்று படித்தார். எனக்கு உடனே அப்பாவின் எஞ்சின் அறைதான் நினைவுக்கு வந்தது.

பந்திங் பட்டணத்திலிருந்து மோரிப் கடற்கரைக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் 1962இல் பிறந்தேன். அம்மா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். அப்பா பால் ஸ்டோரில் எஞ்சின்காரர். பகலில் ஸ்டோர் இயந்திரங்களையும், மாலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு விளக்குக் கொடுக்கும் ஜெனரேட்டரையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். எஞ்சின் அறைச் சுவரில் ஆணியடித்து ஒரு நீள நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிட்டிருப்பார். நேரம், எண்ணெய் அழுத்தம், தண்ணீரின் சூடு, செய்த வேலை, செய்தவர் பெயர் என்று அதில் ஐந்து கட்டங்கள் இருந்தன. அப்பா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் ஒரு நட்டைத் தளர்த்தினால்கூட எழுதிவிடுவார். "கை வச்சா எழுதிடணும். ராத்திரி எஞ்சின் நின்னுச்சுன்னா, என்ன செஞ்சோம்னு யோசிச்சுக்கிட்டு நிக்க முடியாது," என்பார். லயத்தில் விளக்கு அணைந்தால் ஐந்து நிமிடத்துக்குள் கங்காணி வந்து கதவைத் தட்டுவார் என்பதும் அந்த ஏட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு காரணம்.

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள், பட்டணத்தில் மலாய் மொழிக்குப் பழக்கும் புகுமுக வகுப்பு, பிறகு மலாய் மொழியில் இடைநிலைக் கல்வி என்பது என் வயதுத் தோட்டப் பிள்ளைகள் எல்லாரும் நடந்த பாதைதான். இடைநிலைக் கல்வியின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கணிதமும் இயற்பியலும் கைகொடுத்ததால் 1981இல் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தேன். மின்னணுப் பொறியியல் படிக்க வைத்தார்கள். ரெஜிமென் செம்போயான் டிராஜா என்னும் தொடர்புப் படைப்பிரிவில் அமர்த்தினார்கள். முதல் பத்து ஆண்டுகள் காட்டுக்குள் சிற்றலை வானொலியோடு போராடியதாகத்தான் நினைவு. அந்திநேரத்தில், சிற்றலைகளைத் தரைக்குத் திருப்பி அனுப்பும் வான் அடுக்கான அயனி மண்டலம் மாறும்போது, பகலில் தெளிவாகக் கேட்ட நிலையம் ஒரேயடியாக மறைந்துவிடும். கம்பியை மரத்துக்கு மரம் கட்டிவிட்டு, அட்டைகள் காலில் ஏற, அலைவரிசையை மாற்றி மாற்றிக் கூவிக்கொண்டிருப்போம். அந்த அவதியைப் பட்டவனுக்குத்தான் துணைக்கோளத் தொடர்பு என்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று புரியும்.

அந்த விடுதலையை முதலில் அனுபவித்தது பொஸ்னியாவில். 1994இல், ஐக்கிய நாட்டு அமைதிப்படையின் மலேசியப் பட்டாளத்தோடு கொன்யிச் பட்டணத்துக்குப் போனேன். எங்களிடம் பெட்டிக்குள் அடங்கும் இன்மார்சாட் கருவிகள் இருந்தன. பெட்டியைத் திறந்து, தட்டை விரித்து, துணைக்கோளத்தை நோக்கித் திருப்பினால் கோலாலம்பூரோடு பேசலாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு பொருள், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால், தரையிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். அது எந்த இடத்தில் நிற்கும் என்பதுதான் தெரியாமல் போயிற்று. மலேசியாவில் பயிற்சி எடுத்தபோது தட்டு கொஞ்சம் மேலே பார்த்தபடி இருக்கும். மரமோ கட்டடமோ பெரிதாக மறைக்காது. கொன்யிச் 43 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே அதே வகைத் துணைக்கோளங்கள் தென்திசை வானில் இருபது முப்பது பாகை உயரத்தில் தாழ்ந்து நிற்கும். நெரெத்வா ஆற்றுப் பள்ளத்தாக்கிலோ எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். முதல் நாள் நான் முகாமுக்காகத் தேர்ந்தெடுத்த இடம் காற்றுக்கும் குண்டுக்கும் பாதுகாப்பான இடம். ஆனால் துணைக்கோளம் மலைக்குப் பின்னால் இருந்தது. மூன்று மணி நேரம் கருவியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் திசைகாட்டியையும் கோணமானியையும் எடுத்து, மலை முகட்டின் உயரத்தை அளந்தபோதுதான் வெட்கமாகிவிட்டது. நான் மலையோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கருவியை இறக்குவதற்கு முன்பு அந்த இடத்தின் அட்சம், தீர்க்கம், துணைக்கோளத்தின் தீர்க்கம் ஆகிய மூன்றையும் எழுதி, நோக்க வேண்டிய திசையையும் உயரக் கோணத்தையும் தாளில் கணக்கிட்ட பிறகே வண்டியிலிருந்து பெட்டியை எடுப்பேன். இன்று கைப்பேசிச் செயலி ஒரு நொடியில் அதைக் காட்டிவிடும். இருந்தாலும் பயிற்சி மாணவர்களிடம் முதல் பத்து முறை தாளில்தான் செய்யச் சொன்னேன். செயலி எண்ணைத் தரும்; அந்த எண் தவறாக இருக்கும்போது மனம் உறுத்த வேண்டும். அந்த உறுத்தல் கையால் கணக்குப் போட்டவனுக்கு மட்டுமே வரும் என்பது என் அனுபவம்.

நாடு திரும்பியபோது இங்கே காலம் மாறியிருந்தது. 1996 ஜனவரியில் பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் ஏவூர்தி மூலம் மலேசியாவின் முதல் தொலைத்தொடர்புத் துணைக்கோளமான மீசாட்-1 விண்ணுக்குப் போனது. அதே ஆண்டு நவம்பரில் மீசாட்-2. வீட்டுக் கூரைகளில் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டுகள் முளைக்கத் தொடங்கின. எங்கள் முகாம் ஒன்றில் பயிற்சிக்காக இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள ஒரு தட்டை நிறுவினோம். தட்டைச் செய்த நிறுவனத்தின் பெயரும் முகாமின் பெயரும் இங்கே வேண்டாம். இரண்டுமே பிறகு நேர்ந்த தவற்றுக்குத் தனிப் பொறுப்பாளிகள் அல்லர்.

மீசாட்-1 நின்ற இடம் 91.5 பாகை கிழக்குத் தீர்க்கம். பந்திங் வட்டாரத்திலிருந்து பார்த்தால் அது ஏறத்தாழ 78 பாகை உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட உச்சிக்கு அருகில் நிற்கும். கையேட்டில் உள்ளபடியே திருகாணிகளை முடுக்கி, கோணம் வைத்து, சமிக்ஞையின் பலத்தை அளந்து குறித்தோம். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு மாலை மழைக்குப் பின் சமிக்ஞை விழத் தொடங்கியது. மழை பெய்யும்போது விழுவது இயல்பு, ஏனெனில் மழைத்துளிகள் உயர் அலைவரிசைகளை விழுங்கும். ஆனால் மழை நின்று, நிலா வந்து, மறுநாள் வெயில் ஏறும்வரை சமிக்ஞை திரும்பவில்லை. பெருக்கியை மாற்றினோம். கம்பிவடத்தை மாற்றினோம். பதிவேட்டில் மூன்று பக்கம் நிறைந்தது. கடைசியில் கோப்ரல் ஒருவர் ஏணி போட்டு ஏறி எட்டிப் பார்த்துவிட்டு, "துவான், உள்ளே குளம் இருக்கு," என்றார்.

தண்ணீர், ரப்பர் இலைச்சருகு, அதில் நெளியும் கொசுப் புழுக்கள். வட ஐரோப்பாவில் தட்டு அடிவானத்தை நோக்கிச் சாய்ந்து நிற்கும்; சாய்த்த வாளியில் தண்ணீர் நில்லாது. நம் நாட்டில் தட்டு வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறது. வடிகால் துளை ஒன்று இருக்கத்தான் செய்தது. அது விளிம்பை ஒட்டி, சாய்ந்த தட்டுக்குப் பொருத்தமான இடத்தில் இருந்தது. நம் கோணத்தில் தட்டின் மிகத் தாழ்ந்த புள்ளி விளிம்பில் இல்லை. நடுவிலிருந்து ஒரு முழம் தள்ளி வருகிறது. பரவளைவின் சமன்பாட்டை வைத்து அந்தப் புள்ளியைக் கணக்கிட எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. நான் கணக்கு முடித்து வெளியே வருவதற்குள் கோப்ரல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது தேங்கிய இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போட்டு வைத்திருந்தார். இரண்டு இடங்களுக்கும் இடையே இரண்டு விரல் அகலந்தான் வித்தியாசம். அலைநீளத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய துளையால் சமிக்ஞைக்குக் கேடில்லை என்று உறுதிசெய்து, எழுத்தில் அனுமதி பெற்று, ஆறு மில்லிமீட்டர் துளை ஒன்றைப் போட்டோம். அதற்குப் பிறகும், தட்டு குவிக்கும் சமிக்ஞையை உள்வாங்கும் ஊட்டுக் கொம்பின் வாயில் குளவி கூடு கட்டியது வேறு கதை. மெல்லிய பிளாஸ்டிக் மூடி கிழிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இதைக் கதையாகச் சொல்லிச் சிரித்தாலும், என் தொழிலைப் பற்றி நான் கற்ற மிக முக்கியமான செய்தி இந்தத் தட்டில்தான் கிடந்தது. விண்வெளிப் பொறியியல் என்று பெயர். வேலை முழுவதும் தரையில் நடக்கிறது. 35,786 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது ஒழுங்காக வேலை செய்தது. கெட்டது எல்லாம் நம் கைக்கு எட்டும் தூரத்தில், நம் மழைக்கும் நம் குளவிக்கும் கீழே இருந்தது. அந்தக் கையேட்டை எழுதியவர் நம் மண்ணில் நின்றவர் அல்லர். ஆகவே வெளிநாட்டுக் கருவி எதை நிறுவினாலும், இதை எழுதியவர் எந்த அட்சத்தில் உட்கார்ந்து எழுதினார் என்ற கேள்வியைக் கையேட்டின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைக்கும் வழக்கம் என்னிடம் வந்தது. பிற்காலத்தில் என் மாணவர்களுக்கு அது கேலிப்பொருளாகவும் ஆயிற்று.

அதே தட்டு இன்னொரு பாடமும் தந்தது. ஒரு மார்ச் மாதத்தில், பிற்பகல் இரண்டு மணியை ஒட்டிச் சில நிமிடங்கள் சமிக்ஞை இரைச்சலில் மூழ்கியது. மறுநாளும் அதே நேரம். மூன்றாம் நாள் பணியில் இருந்த இளம் அதிகாரி சமிக்ஞை வாங்கியை முழுவதுமாகப் பிரித்து மேசையில் பரப்பிவிட்டார். நான்காம் நாள் இரைச்சல் வரவில்லை. தாம் சரிசெய்துவிட்டதாக அவர் அறிக்கை எழுதினார். உண்மையில் சம இரவுபகல் நாட்களை ஒட்டி, ஆண்டுக்கு இரு முறை, சூரியன் துணைக்கோளத்துக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. தட்டுக்குத் துணைக்கோளமும் சூரியனும் ஒரே திசையில் தெரிவதால், சூரியனின் வானொலி இரைச்சல் எல்லாவற்றையும் மூழ்கடிக்கிறது. சில நாட்களில் சூரியன் நகர்ந்துவிட, பிரச்சினையும் தானே போய்விடும். செப்டம்பரில் மீண்டும் வந்தபோது மார்ச் மாதப் பதிவேட்டைப் புரட்டினோம். நேரம் எழுதப்பட்டிருந்ததால் காரணம் ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. நேரம் எழுதாமல் 'பழுது நீக்கப்பட்டது' என்று மட்டும் இருந்திருந்தால் வாங்கி இன்னொரு முறை மேசைக்கு வந்திருக்கும்.

1998இல் முதுகலைப் படிப்புக்கு வெளிநாடு போனேன். அங்கே பாதை இயக்கவியலும் துணைக்கோள அமைப்பு வடிவமைப்பும் படித்தேன். படித்ததைவிட, பாடம் நடத்தப்பட்ட விதம்தான் எனக்கு அதிகம் பயன்பட்டது. ஒவ்வொரு வாரமும் ஒரு தோல்வியை எடுத்து, அதன் விசாரணை அறிக்கையை வரி வரியாகப் படிக்க வைத்தார்கள். வெற்றியைப் பற்றிய பாடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் சலிப்பாக இருந்தது.

நான் திரும்பி வந்த காலம் நம் நாட்டின் சொந்தத் துணைக்கோளங்களின் காலம். 2000 செப்டம்பர் 26 அன்று கஜகஸ்தானின் பைக்கானூரிலிருந்து தியுங்சாட்-1 போனது. ஏறத்தாழ ஐம்பது கிலோகிராம் எடையுள்ள, இங்கிலாந்தின் சர்ரே நிறுவனத்தோடு சேர்ந்து மலேசியப் பொறியாளர்கள் உருவாக்கிய சிறு துணைக்கோளம். தியுங் என்பது நாகணவாய்ப் பறவையின் மலாய்ப் பெயர். பிறகு ராசாக்சாட். 180 கிலோகிராம் எடை. இரண்டரை மீட்டர் அளவுள்ள பொருளைப் பிரித்துக் காட்டும் கேமரா. தென்கொரிய நிறுவனத்தோடு கூட்டு. ஏவூர்தியின் அதிர்வு துணைக்கோளத்துக்குக் கேடு செய்யுமோ என்ற ஐயத்தால் சில மாதங்கள் தள்ளிப்போய், 2009 ஜூலை 14 அன்று பசிபிக் கடலின் ஓமெலெக் தீவிலிருந்து ஃபால்கன்-1 ஏவூர்தியில் சென்றது. அதற்கான தரைக் கட்டுப்பாட்டு நிலையம் அமைந்த தேசிய விண்வெளி மையம் எங்கள் பந்திங்கில், சுங்கை லாங் பக்கத்தில் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் எனக்குப் பங்கில்லை. நான் அப்போது வகுப்பறையில் இருந்தேன். ஆனால் அதன் பாதையைப் போல் நல்ல பாடம் எனக்கு வேறு கிடைத்ததில்லை.

படம் எடுக்கும் துணைக்கோளங்கள் பெரும்பாலும் வட, தென் துருவங்களை ஒட்டிச் சுற்றும். அவ்வகைத் துணைக்கோளம் ஒன்று நம் தலைக்கு மேலாக, நல்ல வெளிச்சத்தில், எப்போதாவதுதான் வரும். வரும் நேரத்தில் மேகம் மூடியிருந்தால் படம் இல்லை. நம் நாட்டிலோ மேகம் இல்லாத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ராசாக்சாட் நிலநடுக்கோட்டுக்கு 9 பாகை மட்டுமே சாய்ந்த பாதையில், 685 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 98 நிமிடம். பூமியும் அதே திசையில் சுழல்வதால் தரையில் நிற்பவருக்கு அது சுமார் 106 நிமிடத்துக்கு ஒரு முறை வரும். ஒரு நாளில் பதின்மூன்று, பதினான்கு தடவை. பயிற்சி அதிகாரிகளிடம் இந்த 98 ஏன் 106 ஆயிற்று என்று கேட்பேன். கரும்பலகையில் அரைப் பக்கக் கணக்கு. அதை விடுவித்தவர்களுக்குச் சார்பு இயக்கம் அதற்குப் பிறகு மறக்கவில்லை.

விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது அத்தையிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் முப்பது ஆண்டுகள் நிரையில், அதாவது ரப்பர் மர வரிசையில், பால் வெட்டியவர். காலையில் மழை பிடித்துக்கொண்டால் பட்டை ஈரமாகிவிடும். வெட்டினாலும் பால் கோட்டில் நில்லாமல் மரமெல்லாம் வழிந்துபோகும். அன்றைய கூலி போச்சு. "அப்போ, வெயில் விடுற நேரமாப் பார்த்து வெட்டுறதுக்குப் பதினாலு தடவை நிரைக்குப் போறான், அவ்வளவுதானே?" என்றார். வகுப்பில் அதற்குப் பிறகு இந்த வாக்கியத்தைத்தான் மலாயில் சொல்லிக்கொடுத்தேன்.

ராசாக்சாட் எதிர்பார்த்த மூன்றாண்டு ஆயுளை எட்டவில்லை. அதன் கோளாற்றைப் பற்றி வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். ஒரு துணைக்கோளத்தில் தேறிய இளம் பொறியாளருக்கு அடுத்தது வரும்போது நரை தட்டியிருக்கும், அல்லது அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். பெரிய துணைக்கோளம் ஒன்றைப் பத்தாண்டுக்கு ஒரு முறை அனுப்புவதைவிடச் சிறியவற்றை அடுத்தடுத்து அனுப்புவது மனிதர்களை வளர்க்கும் என்று நான் நினைக்கிறேன். 2018இல் யு.ஐ.டி.எம். பல்கலைக்கழக மாணவர்களின் பத்துச் சென்டிமீட்டர் கனசதுரக் கோளான யு.ஐ.டி.எம்.சாட்-1, ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தின் கூட்டுத் திட்டத்தின்வழி அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து வெளிவிடப்பட்டபோது, மீசாட் போனபோது வராத மகிழ்ச்சி எனக்கு வந்தது.

கற்பித்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2001இல் தலைநகரில் இருந்த ஓர் இராணுவக் கல்விக்கூடத்துக்கு மாற்றினார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் நான் மோசமான ஆசிரியன். வெளிநாட்டில் எழுதிய குறிப்புகளை அப்படியே பலகையில் இறக்கினேன். மாணவர்கள் எழுதினார்கள், தேர்வில் திருப்பி எழுதினார்கள். ஒரு நாள் தேர்வில் முதலாவதாக வந்த மாணவரை வெளியே நிறுத்தி, துணைக்கோளம் ஒன்று எந்தப் பக்கத்திலிருந்து எழும் என்று கையைக் காட்டச் சொன்னேன். அவர் மேற்கையும் கிழக்கையும் குழப்பிக்கொண்டார். சூரியனைப் பார்த்து யோசிக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் குறை அவருடையதன்று.

அதிலிருந்து வகுப்பை வெளியே கொண்டுபோனேன். அனைத்துலக விண்வெளி நிலையம் ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும், தரை இருட்டாகவும் அதன் மேல் மட்டும் வெயிலும் படும் நேரத்தில், நான்கைந்து நிமிடம் நல்ல விண்மீனைப் போல் நகரும். மாணவர்கள் முதல் நாளே அது தோன்றும் நேரத்தையும் திசையையும் கணக்கிட்டு, என்னிடம் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். மறுநாள் ஐந்தே முக்காலுக்குத் திடலில் அணிவகுப்பு. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மாதிரிதான்: வந்தவர் யார், வராதவர் யார், யாருடைய கணக்கு எத்தனை நொடி பிசகியது என்று பெயர் படிப்பேன். துணைக்கோளம் யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு நிமிடம் பிந்தி வந்தவர் அதன் முதுகைத்தான் பார்ப்பார்.

2007 அக்டோபர் 10 அன்று மலேசியாவின் முதல் விண்வெளி வீரரான டாக்டர் ஷேக் முசாபார் சுக்கோர் சோயுஸ் கலத்தில் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது அந்தத் திடலில் கூட்டம் நிரம்பியது. அந்தத் திட்டம் ரஷ்யாவிடமிருந்து பதினெட்டுச் சுகோய் போர்விமானங்கள் வாங்கிய உடன்பாட்டோடு வந்தது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்து, இறுதி நால்வரில் பொறியியலாளரான எஸ். வனஜாவும் ஒருவர். பந்திங்கில் எங்கள் லயத்துப் பெண்பிள்ளைகள் அவர் பெயரை அப்போது வாய்நிறையச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். விண்ணுக்குப் போனவரைவிட, போவதற்கான நால்வர் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெண் நின்றதுதான் எங்கள் பக்கத்தில் அதிக வேலை செய்தது என்பது என் கருத்து.

வகுப்பறைக்குள் நான் கைவிடாமல் நடத்திய பாடம் ஒன்று உண்டு. 2003 செப்டம்பர் 6 அன்று கலிபோர்னியாவில் ஒரு வானிலைத் துணைக்கோளத்தை நிமிர்ந்த நிலையிலிருந்து படுக்கை நிலைக்குத் திருப்பினார்கள். அது தாங்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதைப் பிடித்து நிறுத்தவேண்டிய தகட்டில் இருபத்து நான்கு திருகாணிகள் இல்லை. வேறொரு வேலைக்காக அவற்றை முன்பே கழற்றியவர்கள் ஏட்டில் எழுதவில்லை. திருப்பிய குழுவினர் இருக்கின்றனவா என்று நேரில் சரிபார்க்காமல், முன்பு சரிபார்த்ததையே நம்பிக் கையெழுத்திட்டிருந்தார்கள். பழுதுபார்க்க 13.5 கோடி அமெரிக்க டாலர் ஆயிற்று. 2009 பிப்ரவரியில் அது விண்ணுக்குப் போய், நோவா-19 என்ற பெயரில் பல ஆண்டுகள் நன்றாகவே உழைத்தது.

மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு, அவர்கள் முந்தின வாரம் ஆய்வுக்கூடத்தில் செய்த வேலையின் பதிவேட்டை எடுத்து நடுவில் வைப்பேன். 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதியிருக்கும். யார், எப்போது, எதைப் பார்த்து என்று இருக்காது. அப்பாவின் ஐந்து கட்டங்களை அவர்களுக்கு வரைந்து கொடுத்தேன். பட்டம் பெற்ற இராணுவ அதிகாரிகள் தோட்டத்து எஞ்சின்காரரின் நோட்டைப் பின்பற்றினார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியாது. அவர் அதற்கு முன்பே போய்விட்டார்.

2013இல் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றுப் பந்திங்குக்குத் திரும்பினேன். ரப்பர் போய் எல்லாம் செம்பனையாகியிருந்தது. எங்கள் லயம் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம். 1998இல் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறந்த பிறகு தலைக்கு மேல் ஓயாத இரைச்சல். சனிக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளி முடித்த பிள்ளைகள் பதினைந்து பேருக்கு ஒரு வகுப்பு நடத்துகிறேன். விண்வெளி என்று சொல்லித்தான் வரவழைக்கிறேன். வந்த பிறகு பாதி நேரம் முக்கோணவியலும் மலாயில் ஆய்வறிக்கை எழுதும் பயிற்சியுந்தான். புகுமுக வகுப்பில் நான் தடுமாறியது அறிவியலில் இல்லை, மொழியில். எனவே ஒவ்வொரு சொல்லையும் தமிழில் விளக்கி, மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத வைக்கிறேன்.

கருவி மலிவானது. கணினியில் செருகும் சிறு வானொலி வாங்கியின் விலை, நான் வாங்கியபோது, 160 ரிங்கிட். ஆண்டெனாவுக்கு ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு அலுமினியக் குச்சிகள். அவற்றை 120 பாகை விரித்து, கிடையாக, வடக்குத் தெற்காக வைக்க வேண்டும். 137 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அமெரிக்காவின் நோவா வானிலைத் துணைக்கோளங்கள் தாம் பார்ப்பதை அப்படியே ஒலியாக அனுப்பிக்கொண்டிருந்தன; ஒரு நொடிக்கு இரண்டு வரி. அந்த டிக்-டிக் ஒலி அடிவானத்தில் இரைச்சலுக்குள்ளிருந்து எழுந்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபக்கம் அமிழும். கணினித் திரையில் மேலிருந்து கீழாக வரி வரியாகச் சுமத்ராவும் மலாக்கா நீரிணையும் நம் தீபகற்பமும் வரும். கோள் நெருங்கும்போது அலைவரிசை மூன்று கிலோஹெர்ட்ஸ் அளவு கூடி, விலகும்போது அதே அளவு குறைவதைத் திரையில் வளைந்த கோடாகப் பார்க்கலாம். டாப்ளர் விளைவை இதைவிட எளிதாக யாரும் சொல்லித்தர முடியாது. தொடங்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: ஆண்டெனாவைத் தகரக் கூரைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், செம்பனை மட்டைகள் மறைக்காத திடலாகப் பாருங்கள், மடிக்கணினியின் மின்னூட்டியைக் கழற்றிவிடுங்கள். மூன்றாவதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து சனிக்கிழமைகள் ஆயின.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது நோவா-19தான். கீழே விழுந்த கோள் என்று பெயர் வைத்திருந்தார்கள். பதிவேட்டை எழுதும் பொறுப்பு லாரி ஓட்டுநர் ஒருவரின் மகளுடையது. மூன்றாம் படிவம் படிக்கிறாள். 2025 ஆகஸ்டு நடுவில் அந்தக் கோளின் பணியை நிறுத்திவிட்டார்கள். நான் செய்தியைப் படித்திருந்தேன், வேண்டுமென்றே சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமைக் காலை கணக்கிட்ட நேரத்துக்கு ஆண்டெனாவை வைத்துக் காத்திருந்தார்கள். கோள் நேரத்துக்கு வந்துபோனது, பேசவில்லை. அவள் எழுதியிருந்தாள்: "நேரம் முழுவதும் காத்திருந்தோம். ஒலி இல்லை. ஆண்டெனா, வடம், வாங்கி மூன்றையும் சரிபார்த்தோம். வானொலி நிலையம் ஒன்றைப் பிடித்துப் பார்த்தோம், வாங்கி வேலை செய்கிறது. பழுது நம் பக்கம் இல்லை." கீழே நான்கு பேரின் கையெழுத்து.

விவரத்தைச் சொன்ன பிறகு, "ஐயா, அப்போ இந்தப் பக்கத்தை அடிச்சிடவா?" என்று கேட்டாள். வேண்டாம், காரணத்தைக் கீழே சேர்த்து நாள் போடு என்றேன். இப்போது ரஷ்யாவின் மெட்டியோர் வானிலைக் கோள்களுக்கு மாறியிருக்கிறோம். அவை எண்முறையில் அனுப்புவதால் மென்பொருள் வேறு. சிறு இரைச்சல்கூடப் படத்தைக் கட்டம் கட்டமாகத் தின்றுவிடுகிறது. மூத்த மாணவர்கள் இருவர் அமெச்சூர் வானொலித் தேர்வுக்குப் படிக்கிறார்கள்; தேறினால் 9டபிள்யூ என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். போன வாரம் மழையில் ஆண்டெனா இணைப்புக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. யார் கடைசியாக அதைக் கழற்றியது என்று பதிவேட்டைப் பார்த்தோம். என் பெயர் இருந்தது. ரப்பர் வளையத்தைத் திரும்பப் போட்டதாக எழுதவில்லை.